முன் டிபரன்சியலைக் குறை கூறுமுன்

மாடு தீன் தின்னாது நின்றால் நாம் என்ன செய்கிறோம்? அதன் வாயைத் திறந்து பார்க்கிறோம். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். சாணத்தைப் பார்க்கிறோம். அதன் பின்னரே கைமருந்து போதுமா, கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டுமா என்று தீர்மானிக்கிறோம். பார்க்குமுன்னரே வயிற்றைக் கீறவேண்டும் என்று சொல்பவனை நாம் தொழுவத்துக்குள் விடுவதில்லை. ஆனால் வயலுக்குப் போகும் லொறி ஒலி எழுப்பினால் மாத்திரம் இந்த ஒழுங்கு நம்மிடையே மறைந்துவிடுகின்றது. "முன் டிபரன்சியல் போய்விட்டது" என்று ஒருவர் சொல்ல, "கழற்றிப் பார்ப்போம்" என்று மற்றொருவர் சொல்ல, மாலைக்குள் அந்தப் பெட்டி கராச் நிலத்திலே கிடக்கின்றது.

இப்பிரசுரத்தில் யான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. நான்கு சில்லும் இழுக்கும் சிறு லொறியிலும் கெப் வாகனத்திலும் முன் டிபரன்சியலைத் திறப்பது கடைசி வேலையாக இருத்தல் வேண்டும். அதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள் சில உள. அவற்றுட் பல பணம் கேட்பவை அல்ல. கண்ணும் காதும் கையும் அரைநாட் பொறுமையும் கேட்பவை. அவற்றைச் செய்விக்கும் பொறுப்பு மெக்கானிக்குக்கு மட்டும் உரியதன்று. வாகனம் வைத்திருக்கும் கமக்காரருக்கும் உரியது.

யான் கற்ற பாடம்

2023 ஆம் ஆண்டு பெரும்போக அறுவடை நெருங்கிய காலம். கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தில், அறுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர் தம்முடைய பழைய கெப் வாகனத்துடன் என்னிடம் வந்தார். "தம்பி, முன்பக்கத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது. நீங்கள் இயந்திரப் பாடமும் படித்தவர், ஒருக்காற் பாருங்கள்" என்றார். விவசாயப் பாடசாலையில் யான் அப்பாடத்தைப் பயின்றது உண்மை. ஆயினும் அன்று எனக்கு விதைநெற் கணக்கு எழுதும் வேலை இருந்தது. "கராச்சிற் காட்டுங்கள் ஐயா, அவர்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கராச்சில் ஒருவர் வாகனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, முன் டிபரன்சியல் பழுது என்றார். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறொரு வாகனத்திலிருந்து எடுத்த பெட்டியைப் பூட்டினர். கழற்றியதை இரும்பு விலைக்குக் கழித்துக்கொண்டனர். வாகனம் வீட்டுக்கு வந்தது. இரைச்சலும் அதனுடன் வந்தது.

அறுவடை தொடங்கியது. முருங்கன் பகுதியின் கருங்களிமண்ணை அறிந்தவர்க்கு அதன் குணத்தைச் சொல்லவேண்டியதில்லை. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வீங்கிச் சில்லைப் பற்றிக்கொள்ளும். மூட்டைகளை ஏற்றியபின் நான்கு சில்லையும் பூட்டியே வெளியே வரவேண்டியிருந்தது. முதல் இரண்டு நாட்களும் ஸ்டியரிங் இறுகிற்று. ரயர் மண்ணைச் சுரண்டிற்று. மூன்றாம் நாள், வரம்புப் பாதை முடிந்து கிறவல் வீதியில் ஏறும் இடத்தில் வெடியோசை போன்ற ஓர் ஒலியுடன் வாகனம் நின்றது. அன்றிரவு மழை. களத்தில் இருந்த நெல் நனைந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லை வாங்குவதற்கு அளவாகக் கொள்வது 14 வீத ஈரப்பதம். நனைந்த நெல்லைக் கொண்டு அந்த வாசலுக்குப் போக முடியுமா? தனியார் கேட்ட விலைக்கே அவர் கொடுத்தார்.

பின்னர் யான் சென்று பார்த்தேன். முன் இடது சில்லைத் தூக்கி மேலும் கீழும் பற்றி அசைத்தபோது அது ஆடிற்று. இரைச்சலுக்குக் காரணம் அச்சில்லின் பெயாரிங். முதலிற் கழற்றிய டிபரன்சியலுக்கும் அவ்விரைச்சலுக்கும் தொடர்பு இருக்கவில்லை. புதிதாகப் பூட்டிய பெட்டியைத் திறந்து பற்களை எண்ணினோம். பெரிய சில்லில் 43, சிறியதில் 11. பின் அச்சிலோ 41, 10. அந்த எண்களின் பொருளைக் கீழே விளக்குவேன். நல்ல உறுப்பு ஒன்றை எறிந்துவிட்டு, பொருந்தாத உறுப்பு ஒன்றைப் பணம் கொடுத்துப் பூட்டியிருந்தார்கள் என்பதே அதன் சுருக்கம்.

அக்கராச்சை மாத்திரம் குறை கூறி யான் தப்பமுடியாது. சில்லைப் பற்றி அசைத்துப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை முதல் நாளே யான் கொடுத்திருக்கவேண்டும். இப்பிரசுரம் எழுதப்படுவதற்குக் காரணமும் அதுவே.

டிபரன்சியல் செய்யும் வேலை

முன்னாளிற் சூடு மிதித்ததைக் கண்டவர்களுக்கு டிபரன்சியலை விளக்குவது எளிது. நடுக்கம்பத்தைச் சுற்றி எருதுகளைப் பிணைத்து நடத்துவோம். கம்பத்தை அடுத்த எருது குறுகிய வட்டத்திலே மெல்ல அடிவைக்கும். வெளிப்புறத்து எருது அகன்ற வட்டத்திலே விரைந்து நடக்கும். இரண்டும் ஒரே அளவு நடக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் கயிறு அறும், அல்லது கழுத்து முறியும்.

வாகனம் திரும்பும்போதும் நிகழ்வது இதுவே. வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லிலும் கூடிய தூரம் உருளவேண்டும. இரண்டுக்கும் இழுவையைக் கொடுத்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் உருள இடமளிப்பது டிபரன்சியல். முன் சுழல்தண்டு பினியன் எனப்படும் சிறு பல்லுச்சில்லைச் சுழற்றும். பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுழற்றும். கிரவுன் வீலுடன் சேர்ந்து சுழலும் கூட்டினுள் உள்ள சிறு பல்லுச்சில்லுகள் இழுவையை இருபுறமும் பங்கிட்டுக் கொடுக்கும்.

இனி முக்கியமான ஒன்று. வேண்டியபோது மாத்திரம் நான்கு சில்லையும் பூட்டும் வகை வாகனங்களில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்சியல் இல்லை. பூட்டியவுடன் இரண்டு சுழல்தண்டுகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிடும். திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளிலும் நீண்ட பாதையிற் செல்லும். சேற்றிலே சில்லு சிறிது சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியிற் சறுக்க இடமில்லை. ஆகவே முறுக்கம் சுழல்தண்டிலும் பற்களிலும் ஏறும். தார் வீதியில் நான்கு சில்லையும் பூட்டி ஓடலாகாது என்று சொல்வது இதனாலேதான். பூட்டை விடுவிக்க முடியாமல் நெம்பு இறுகி நின்றாலும் பலமாய் இழுக்கவேண்டாம். சில யார் தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கம் தளர்ந்து நெம்பு தானே விடும்.

ஒலியை விசாரித்தல்

ஒலி எப்பொழுது வருகிறது என்பதே முதல் விசாரணை. பின்வருவனவற்றை ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது "டக், டக்" என்று அடுக்கடுக்காய் வரும் ஒலி, பெரும்பாலும் சில்லை அடுத்துள்ள சீ.வீ. ஜொயின்டின் ஒலி. அதன் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வேகத்தோடு கூடி, எப்போதும் ஒரே தன்மையாய்க் கேட்டு, வாகனத்தை வலப்புறம் ஒடிக்கும்போது மிகுந்து, இடப்புறம் ஒடிக்கும்போது குறையும் இரைச்சல், இடது சில்லின் பெயாரிங்கைச் சுட்டும். ஏனெனில் வலப்புறம் திரும்பும்போது பாரம் இடது சில்லின் மேல் ஏறுகின்றது. மறுபுறத்துக்கும் இவ்வாறே மாற்றிக் கொள்க.

புறப்படும்போதும், அக்சிலறேற்றரை அமுக்கி விடும்போதும் "டொக்" என்று ஒருமுறை அடிக்கும் ஒலி, சுழல்தண்டின் சிலுவை மூட்டுத் தேய்ந்ததனாலும் வரும்; பற்களுக்கிடையே இடைவெளி மிகுந்ததனாலும் வரும். சிலுவை மூட்டையே முதலிற் கையாற் பற்றி அசைத்துப் பாருங்கள். அது மலிவானது, மாற்றுவதும் எளிது.

இழுக்கும்போது ஒரு தொனியிலும், அக்சிலறேற்றரை விட்டு ஓடும்போது வேறொரு தொனியிலும் கேட்கும் ஊளை ஒலியே கிரவுன் வீலையும் பினியனையும் ஐயுறச் செய்வது.

சில்லின் நடுவே கையாற் பூட்டும் ஹப் உள்ள வாகனமாயின், உங்களிடம் மிகச் சிறந்த சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஹப்பையும் விடுவித்து, பின் சில்லுகளால் மாத்திரம் இழுக்கும் நிலையில் ஓட்டுங்கள். அப்போது முன் டிபரன்சியலும் முன் சுழல்தண்டும் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஒலி அப்போதும் குறையாது கேட்டால் டிபரன்சியல் குற்றவாளி அன்று. பெயாரிங்கையும் ரயரையும் விசாரியுங்கள். பின்னர் ஹப்பைப் பூட்டி, ட்ரான்ஸ்பர் நெம்பை மாற்றாமலே ஓட்டுங்கள். இப்போது முன் சில்லுகள் டிபரன்சியலைச் சுழற்றும். விடுவித்தபோது இல்லாத ஒலி இப்போது தோன்றினால், டிபரன்சியல், அரைத்தண்டுகள், முன் சுழல்தண்டு ஆகிய மூன்றில் ஒன்றிலே காரணம் உண்டு. இச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிதளவு எரிபொருளே.

மின்னாலோ வெற்றிடக் குழாயாலோ தானே பூட்டிக்கொள்ளும் வகைகளில் ஹப்பைக் கையால் விடுவிக்க இயலாது. ஆயினும் இவ்வகைகளுக்கே உரிய மற்றொரு பழுது உண்டு. நெம்பை மாற்றியும் முன் சில்லு இழுக்காது. நான்கு சில்லு விளக்கு அணையாமற் சிமிட்டிக்கொண்டிருக்கும். உடனே டிபரன்சியலின் மேற் பழி சுமத்துவர். வெடித்த றப்பர்க் குழாயும், துருவேறிய மின் இணைப்பும், ஒட்டிக்கொண்ட வால்வும் இதே குணத்தைக் காட்டும் என்பதை நினைவிற் கொள்க. குழாயை நுனி முதல் நுனி வரை விரலாற் தடவிப் பார்க்காமல் பெட்டியைக் கழற்ற எவருக்கும் இடங்கொடாதீர்கள்.

ரயரும் ஒயிலும் மூச்சுக் குழாயும்

நான்கு ரயரும் ஒரே அளவினதாய், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தினதாய் இருத்தல் வேண்டும். கிடைத்த ரயரைக் கிடைத்த இடத்திற் பூட்டும் பழக்கம் நம்மிடையே மிகுதி. இடமும் வலமும் வேறுபட்டால், நேர்வீதியிலும் டிபரன்சியலின் உட்பற்கள் ஓயாது உழைக்கும். முன்னும் பின்னும் வேறுபட்டால், நான்கு சில்லைப் பூட்டியபோது முறுக்கம் ஏறும். காற்றைச் சரிசெய்தபின், ஒவ்வொரு ரயரின் சுற்றளவையும் நூல் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஒயில். சமநிலத்தில் நிறுத்தி, ஒயில் ஊற்றும் மேல் அடைப்பை முதலிலே கழற்றவேண்டும். கீழடைப்பை முதலிலே கழற்றி ஒயிலை வடித்துவிட்டு, மேலடைப்புத் துருப்பிடித்துக் கழராமல் திண்டாடியவர் பலர். துவாரத்தின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிற்கவேண்டும். விரலை நுழைத்துத் தொட்டுப் பாருங்கள். தேன் நிறமாயின் நன்று. கறுத்திருந்தால் மாற்றவேண்டும். பாற்கோப்பி நிறமாயின் நீர் கலந்துவிட்டது. கீழடைப்பின் காந்தத்தில் மெல்லிய சாந்து போல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். சிம்பும் செதிளும் பற்துண்டும் கிடந்தால் மாத்திரமே பெட்டியைத் திறக்கும் பேச்சுக்கு இடமுண்டு.

நீர் எவ்வாறு உட்செல்கிறது? ஓடிச் சூடேறிய பெட்டி வாய்க்கால் நீரில் இறங்கியவுடன் குளிர்கின்றது. உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகின்றது. பெட்டியின் மேலுள்ள மூச்சுக் குழாய் திறந்திருந்தால் வெளிக்காற்று அதன் வழியே உட்செல்லும். குழாய் சேற்றால் அடைபட்டிருந்தாலோ, அதன் வாய் நீரில் மூழ்கினாலோ, சீலின் இடுக்கு வழியாகவும் குழாய் வழியாகவும் நீரையே பெட்டி உறிஞ்சும். மறுபுறம், அடைபட்ட குழாயுள்ள பெட்டி சூடேறும்போது அமுக்கம் மிகுந்து ஒயிலைச் சீலின் வழியே வெளியே தள்ளும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை பினியன் சீல் மாற்றியவர்கள், அடுத்த சீலை வாங்குமுன் மூச்சுக் குழாயை ஒரு கம்பியாற் குத்திப் பார்ப்பாராக.

இப்பெட்டியில் ஊற்றவேண்டியது கியர் ஒயிலே. கிரவுன் வீலின் பற்களும் பினியனின் பற்களும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தை எஞ்சின் ஒயிலின் படலம் தாங்காது. பெரும்பாலான வாகனங்களுக்கு ஜீ.எல்.-5 தரமுடைய ஒயில் விதிக்கப்பட்டுள்ளது. தடிப்பின் எண்ணை உங்கள் வாகனத்தின் கைந்நூலிற் பார்த்துக்கொள்க. சிறு கெப் வாகனங்களின் முன் பெட்டி பெரும்பாலும் இரண்டு லீற்றருக்குக் குறைவாகவே கொள்ளும். அந்த இரண்டு லீற்றரை மிச்சம் பிடித்து ஒரு பெட்டியை இழப்பது சிக்கனமாகுமா?

பெட்டியைத் திறக்க நேர்ந்தால்

மேற்கூறிய யாவும் செய்தபின்னரும் ஐயம் டிபரன்சியலின்மேலேயே நின்றால், அதனைத் திறப்பது நியாயமே. அப்போது கமக்காரர் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள.

முதலாவது, கழற்றுமுன் பற்களின் இடைவெளி அளக்கப்பட்டதா? கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள தளர்வைக் கடிகாரம் போன்ற அளவுகருவியால் அளப்பர். பல சிறு வாகனங்களில் அது 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர் வரையான மிகச் சிறிய அளவு. கையால் அசைத்து "சரி" என்று சொல்லும் அளவன்று அது. உரிய எண் கைந்நூலில் உண்டு. அந்த எண்ணையும், கழற்றுமுன் கண்ட எண்ணையும், பூட்டியபின் கண்ட எண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் பார்க்கப்பட்டதா? பற்களில் வர்ணச் சாந்து பூசிச் சுழற்றினால் தொடும் இடம் தெரியும். அத்தடம் பல்லின் நடுப்பகுதியில் விழவேண்டும். நுனியிலோ அடியிலோ ஓரத்திலோ விழுந்தால், எவ்வளவு புதிய பல்லாயினும் விரைவில் ஊளையிடும்.

மூன்றாவது, கிரவுன் வீலும் பினியனும் சோடியாகவே மாற்றப்படுகின்றனவா? அவை ஒன்றோடொன்று பொருத்தித் தீட்டப்பட்டவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழையதாகவும் பூட்டுவது எருதையும் எருமையையும் ஒரே நுகத்திற் பூட்டுவது போன்றது.

நான்காவது, பினியன் தண்டில் நசுங்கும் உறை உள்ள வகையாயின், அவ்வுறை புதிதாக இடப்பட்டதா? நட்டை இறுக்கும்போது அது அளவாய் நசுங்கிப் பெயாரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கின்றது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வேலையைச் செய்யாது.

உட்பற்களை உருக்கி ஒட்டிவிட்டாற் சேற்றிலே நன்றாய் இழுக்கும் என்று சொல்வோரும் உளர். முன் அச்சில் இதனை ஒருபோதும் செய்விக்கவேண்டாம். ஹப்பைப் பூட்டியவுடன் ஸ்டியரிங் இறுகும். அரைத்தண்டும் மூட்டும் முறியும். வீதியிலே திருப்பம் தவறி உயிருக்கும் ஆபத்து நேரும். வெளி எருதையும் உள் எருதையும் ஒரே அடியில் நடக்கக் கட்டிய கதை அது.

பழைய பெட்டி வாங்குவோர்க்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலை பன்மடங்காயிற்று. 2025 இல் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்ததாயினும், புதிய வாகனத்தின் விலை சாதாரண கமக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கின்றது. ஆதலின் பழைய வாகனங்களையே பேணி ஓட்டுகிறோம். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பாவித்த பெட்டிகளை வாங்குகிறோம். இதிலே பிழையில்லை. பல சமயங்களிற் பெட்டியை முழுதாக மாற்றுவது, உள்ளே புதிய பற்களை இடுவதிலும் மலிவு. ஆனால் பல் விகிதத்தைப் பாராமல் வாங்குவது பெரும்பிழை.

முன்னே சொன்ன எண்களுக்கு வருவோம். 41 ஐ 10 ஆற் பிரித்தால் 4.1. 43 ஐ 11 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 3.91. வேறுபாடு சிறிதென்று தோன்றும். ஆனால் நான்கு சில்லையும் பூட்டியபோது, பின் சில்லு நூறு முறை உருளும் நேரத்தில் முன் சில்லு ஏறக்குறைய நூற்றைந்து முறை உருள முயலும். ஒவ்வொரு நூறு அடியிலும் முன் அச்சும் பின் அச்சும் ஐந்து அடிக்குச் சண்டையிடுகின்றன. சேற்றிலே ரயர் சுரண்டும்; கடினமான நிலத்தில் பலவீனமான உறுப்பு உடையும். அக்கமக்காரரின் வாகனம் கிறவல் வீதியில் ஏறியவுடன் நின்றதன் காரணம் இதுவே.

பெட்டியைத் திறக்காமலே இதனை அறியலாம். கையாற் பூட்டும் ஹப் உள்ள வாகனத்தில், ட்ரான்ஸ்பர் நெம்பைப் பின் சில்லு மாத்திரம் இழுக்கும் நிலையில் வைத்து, ஹப்பைப் பூட்டுங்கள். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சில்லு ஒன்றை மாத்திரம் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துங்கள். ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழே எவரும் செல்லலாகாது. சுழல்தண்டில் வெண்கட்டியாற் கோடிட்டு, உயர்த்திய சில்லை நேராக 20 முறை சுற்றுங்கள். துணையாள் சுழல்தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். 41 சுற்று வந்தால் விகிதம் 4.1. முப்பத்தொன்பதைச் சிறிது கடந்து நின்றால் 3.91. மற்றச் சில்லு நிலத்தில் அசையாது நிற்பதால், உயர்த்திய சில்லின் இரண்டு சுற்று கிரவுன் வீலின் ஒரு சுற்றுக்குச் சமம் என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஏனைய வகைகளிலும், கடையிற் பெட்டி வாங்கும்போதும், பற்களை எண்ணுவித்து, பின் அச்சின் எண்ணுடன் ஒப்பிட்டே வாங்குக.

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

"அறுவடை நெருக்கத்தில் இவ்வளவு சோதனைக்கும் நேரம் ஏது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் மேற்சொன்ன சோதனைகளுக்கு அரைநாள் போதும், தவறான பெட்டியைக் கழற்றிப் பூட்டுவதற்கு இரண்டு நாட் போயிற்று, நெல்லும் போயிற்று. நேரமில்லாதவனே முதலிற் சோதிக்கவேண்டியவன்.

"வாகன வேலையிற் கமக்காரர் தலையிட்டால் மெக்கானிக் கோபிப்பார்" என்பர் வேறு சிலர். நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார். எந்த நிலையில், எந்த வேகத்தில், எப்பக்கம் திரும்பும்போது ஒலி வருகிறது என்று எழுதிய தாளுடன் வருபவரை அவர் வரவேற்பார். நம் கிராமங்களில் அளவுகருவிகள் குறைந்த நிலையிலும் நேர்மையாக உழைக்கும் மெக்கானிக்குகள் பலர் இருக்கின்றனர். அவர்களையும் அவசரப்படுத்துவது நாமே. "எப்படியாவது நாளைக்கு வேண்டும்" என்று நாம் சொல்லும்போது, சோதிக்கும் நேரத்தை நாமே அவர்களிடமிருந்து பறிக்கிறோம்.

செய்யவேண்டியது

ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஆண்டுதோறும் மார்கழி மாதத்தில், பெரும்போக அறுவடைக்கு முன், வாகனச் சோதனை நாள் ஒன்றை வைத்தல் நன்று. ஒரு தாங்கிச் சோடியும், ஓர் அளவுகருவியும், ஒரு நூலும், ஒயில் வடிக்கும் பாத்திரமும் பொதுவில் வாங்கி வைத்தால் ஊர் முழுவதற்கும் போதும். நான்கு சில்லும் இழுக்கும் உழவு இயந்திரங்களின் முன் அச்சுக்கும் இவற்றுட் பெரும்பகுதி பொருந்தும். அவற்றையும் அந்நாளிலே பார்க்கலாம்.

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓர் அட்டை இருக்கட்டும். முன், பின் பல் விகிதம், ஒயில் மாற்றிய நாள், மூச்சுக் குழாய் துப்புரவாக்கிய நாள், ரயர்களின் சுற்றளவு, கேட்ட ஒலி, இவை அதிலே பதியப்படல் வேண்டும். ஆழமான நீரைக் கடந்த வாகனத்தின் முன் பெட்டி ஒயிலை அடுத்த சில நாட்களுக்குள் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வரவேண்டும். கராச்சிற் கழற்றிய எந்த உறுப்பையும், அது பழுதென்று கண்ணாற் கண்டு தெளியும்வரை, இரும்பு விலைக்கு விடவேண்டாம்.

அக்கமக்காரர் அடுத்த போகத்தில் வேறொரு பெட்டி தேடி, பற்களைத் தாமே எண்ணிப் பார்த்து வாங்கினார். பெயாரிங்கும் மாற்றப்பட்டது. வாகனம் இப்போது ஓடுகின்றது. ஆனால் முதலிற் கழற்றிய பெட்டி, நோயற்ற பெட்டி, எங்கே உருக்கப்பட்டதோ! அதனை எண்ணும்போதெல்லாம் அவர் என்னைக் குறை கூறுவதில்லை. அதுவே எனக்குக் கடினமாயிருக்கின்றது.

ஆகவே கமக்காரர்களே, உங்கள் வாகனம் முன்பக்கத்தில் இரையத் தொடங்கினால், சாவியைக் கராச்சிற் கொடுக்குமுன் சில்லைத் தூக்கி அசைத்துப் பாருங்கள். ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். ரயரை அளந்து பாருங்கள். ஐயம் தீராவிடின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். அவருக்கு எழுத்து வேலை இருப்பினும் வருவார், வரவேண்டும்.